இன்று வந்தாலும் வருவார்!

பொழுது விடிந்துவிட்டது.

விடிந்தது என்று பேர்தான். வெளிச்சம் இல்லை. வெளியே பனிப்புயல் ஊளையிடுகிறது. கடற்கரையில் இரண்டு படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் படகுகளே கூரை. அந்தக் கூரையின் கீழ் 22 பேர் நெருக்கியடித்துப் படுத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் புகைக்கரி. தாடியும் மீசையும் சடை பிடித்துக் கிடக்கின்றன.

அவர்களில் ஒருவர் எழுந்திருக்கிறார். குள்ளமான மனிதர். அவர் முதலில் செய்யும் காரியம் என்ன தெரியுமா? தன் படுக்கையைச் சுருட்டுகிறார். பயணம் புறப்படுகிறவர்போல் அதைக் கட்டி ஓரமாக வைக்கிறார். பிறகு மற்றவர்களைப் பார்க்கிறார்.

எல்லோரும் சாமான்களைக் கட்டி வையுங்கள், தலைவர் இன்று வந்தாலும் வருவார் என்கிறார்.

அன்று தலைவர் வரவில்லை. ராத்திரி படுக்கையை மறுபடியும் விரித்தார்கள்.

மறுநாள் விடிந்தது. அந்தக் குள்ள மனிதர் எழுந்தார். படுக்கையைச் சுருட்டினார். அதே வார்த்தையைச் சொன்னார்.

அன்றும் தலைவர் வரவில்லை.

ஒரு வாரம் அல்ல. ஒரு மாதம் அல்ல. நாலு மாதத்துக்கு மேல் இப்படியே நடந்தது!

இது கட்டுக்கதை அல்ல. 1916ஆம் ஆண்டில், அண்டார்டிகாவின் அருகே, ஆளே இல்லாத ஒரு தீவில் நடந்த உண்மை. அந்தக் குள்ள மனிதரின் பெயர் பிராங்க் வைல்டு. அவர் எதிர்பார்த்த தலைவர், துருவப் பயணங்களால் உலகப் புகழ் பெற்ற சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன்.

பனியில் சிக்கிய கப்பல்

பூமி உருண்டையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது அண்டார்டிகா கண்டம். அங்கே ஊர் இல்லை. மரம் இல்லை. எங்கே பார்த்தாலும் பனிக்கட்டி. அதன் நடுவில்தான் தென் துருவம் இருக்கிறது.

1911ஆம் ஆண்டில் நார்வே நாட்டைச் சேர்ந்த அமுண்ட்சென் தென் துருவத்தை முதன்முதலில் அடைந்துவிட்டார். அதன் பிறகு ஷாக்கிள்டன் வேறு திட்டம் போட்டார். அந்தக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை, துருவத்தின் வழியாக, கடந்து காட்ட வேண்டும். அதுவரை யாரும் செய்யாத காரியம் அது.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்திலிருந்து கப்பல் புறப்பட்டது. அப்போதுதான் முதல் உலகப் போர் மூண்டிருந்தது. கப்பலின் பெயர் 'எண்டூரன்ஸ்'. எதையும் தாங்கும் சக்தி என்று அதற்குப் பொருள். 1914 டிசம்பர் 5ந் தேதி தெற்கு ஜார்ஜியா என்ற தீவிலிருந்து அது தென் திசை நோக்கிச் சென்றது. கப்பலில் 28 பேர் இருந்தார்கள். வண்டி இழுக்கும் நாய்களும் இருந்தன.

ஆறு வாரந்தான் ஆகியிருக்கும். 1915 ஜனவரியில் கப்பலைச் சுற்றிக் கடல் உறைந்துவிட்டது. முன்னேயும் போக முடியவில்லை. பின்னேயும் போக முடியவில்லை. சேற்றில் இறங்கிய வண்டிபோல் கப்பல் நின்றுவிட்டது.

பத்து மாதம் கப்பல் பனியின் பிடியிலேயே இருந்தது. பனிக்கட்டி நாலு பக்கமும் நெருக்கியது. பலகைகள் முறிந்தன. அக்டோபர் 27ந் தேதி எல்லோரும் கப்பலை விட்டு இறங்கினார்கள். நவம்பர் 21ந் தேதி, அவர்கள் கண் முன்னாலேயே கப்பல் கடலுக்குள் போய்விட்டது.

இப்போது 28 பேரும் நிற்பது மிதக்கும் பனிப்பாளத்தின் மேல். காலுக்குக் கீழே பனிக்கட்டி. அதற்குக் கீழே ஆழங்காணாத கடல். அவர்கள் இருக்கும் இடம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சேதி சொல்ல வழியும் கிடையாது.

ஐந்து மாதத்துக்கு மேல் பனிப்பாளத்தின் மேலேயே கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். 1916 ஏப்ரல் 9ந் தேதி அந்தப் பாளமும் பிளந்தது. கப்பலிலிருந்து காப்பாற்றி வைத்திருந்த மூன்று படகுகளில் ஏறினார்கள். ஒரு வாரம் அலையோடும் பனியோடும் போராடினார்கள். ஏப்ரல் 15ந் தேதி ஒரு தீவில் கால் வைத்தார்கள். கெட்டியான மண்ணை அவர்கள் மிதித்து 16 மாதம் ஆகியிருந்தது!

அந்தத் தீவுக்கு 'எலிபென்ட் தீவு' என்று பெயர். பாறையும் பனியுந்தான் அங்கே உண்டு. அந்தப் பக்கம் கப்பல் எதுவும் போவதில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்தாலும் யாரும் தேடி வரமாட்டார்கள்.

ஆறு பேர் புறப்பட்டார்கள்

யாராவது போய் உதவி கொண்டுவந்தால்தான் பிழைக்கலாம். எங்கே போவது? சுமார் 800 மைலுக்கு அப்பால், தெற்கு ஜார்ஜியாத் தீவில் திமிங்கிலம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே போக வேண்டும். எதில் போவது? 22 அடி நீளமுள்ள ஒரு படகில்! உலகத்திலேயே மிகவும் கொந்தளிக்கும் கடல்களில் ஒன்றை அந்தப் படகில் கடக்க வேண்டும்.

ஷாக்கிள்டன் தயங்கவில்லை. தம்மோடு ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டார். ஏப்ரல் 24ந் தேதி படகு புறப்பட்டது. மீதி 22 பேரும் கரையில் நின்று கை அசைத்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பிராங்க் வைல்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

படகு கண்ணுக்கு மறைந்தது. இனி அவர்களை நாம் பார்க்கப் போவதில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். வைல்டுக்கு வந்ததே கோபம்! கல்லை எடுத்து அடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அடக்கிக்கொண்டார். மாலுமிகளுக்கே உரிய பாஷையில் நாலு வார்த்தை சொன்னார். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டார். அதோடு எல்லோரையும் வேலைக்கு விரட்டினார் வைல்டு.

ஒரு பிஸ்கோத்து

யார் இந்த வைல்டு? ஷாக்கிள்டன் மேல் அவருக்கு ஏன் இவ்வளவு நம்பிக்கை?

வைல்டு இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் 1873ஆம் ஆண்டில் பிறந்தவர். வாலிபத்திலேயே கப்பலில் சேர்ந்தவர். அண்டார்டிகா அவருக்குப் புதிது அல்ல. முன்பே மூன்று பயணங்களில் போய் வந்தவர்.

அவற்றில் ஒரு பயணத்தில் நடந்த சம்பவம் இது. 1909ஆம் ஆண்டு. ஷாக்கிள்டன், வைல்டு, இன்னும் இரண்டு பேர் ஆக நாலு பேர் தென் துருவத்தை நோக்கி நடந்தார்கள். துருவம் 100 மைலுக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. ஆனால் சாப்பாடு போதாது. மேலே போனால் உயிரோடு திரும்ப முடியாது. ஷாக்கிள்டன் பெருமையைப் பார்க்கவில்லை. ஆட்களின் உயிரைப் பார்த்தார். திரும்பிவிட்டார்.

திரும்பும் வழியில் வைல்டு நோயால் துவண்டு போனார். பசி எல்லோரையும் வாட்டியது. அன்று காலை ஷாக்கிள்டனின் பங்குக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிஸ்கோத்து. அதை அவர் தின்னவில்லை. வைல்டின் கையில் வைத்து அழுத்தினார். ஆயிரக்கணக்கான பவுன் கொடுத்தாலும் அந்த ஒரு பிஸ்கோத்துக்கு ஈடாகாது என்று வைல்டு தம் டைரியில் எழுதி வைத்தார்.

அந்த பிஸ்கோத்தைக் கொடுத்தவர் தம் ஆட்களைக் கைவிடுவாரா? மாட்டார்! வைல்டின் நம்பிக்கை காற்றில் கட்டிய கோட்டை அல்ல. கண்ணால் கண்ட ஒரு காரியத்தின் மேல் கட்டிய கட்டடம்.

படகே வீடு

முதல் வேலை, தலைக்கு மேல் கூரை. காற்றில் கூடாரங்கள் கிழிந்துவிட்டன. கற்களைப் பொறுக்கி நாலு அடி உயரத்துக்குச் சுவர் வைத்தார்கள். மீதியிருந்த இரண்டு படகுகளையும் அதன் மேல் கவிழ்த்தார்கள். இடுக்குகளைக் கூடாரத் துணியால் அடைத்தார்கள். வீடு தயார்!

நிமிர்ந்து நிற்க முடியாது. கருவாடு அடுக்கியதுபோல் 22 பேரும் படுக்க வேண்டும். படகின் குறுக்குப் பலகைகள் மேல் சிலர் பரண் போட்டுப் படுத்துக்கொண்டார்கள். விளக்கு வேண்டாமா? மீன் அடைத்து வந்த காலி டப்பாவில் கடல்நாய்க் கொழுப்பை ஊற்றினார்கள். காயத்துக்குக் கட்டும் துணியைத் திரியாகப் போட்டார்கள். அதுவே விளக்கு. அடுப்புக்கும் அந்தக் கொழுப்புதான். எண்ணெய்ப் புகையில் மனிதர்கள் எல்லோரும் கறுத்துப் போனார்கள்.

சாப்பாடு, பெங்குவின் பறவைகளின் இறைச்சியும் கடல்நாய் இறைச்சியும். அதுவும் கிடைத்த நாளில்தான். கிடைக்காத நாளில் பாறையில் ஒட்டியிருக்கும் சிறு சிப்பிகளைப் பெயர்த்து எடுத்தார்கள். கடல்பாசியையும் வேகவைத்துத் தின்றார்கள். புகையிலை தீர்ந்ததும், பூட்சுக்குள் திணித்திருந்த காய்ந்த புல்லைக்கூடப் புகைத்துப் பார்த்தார்கள்!

சாக விரும்பியவருக்குச் சமையல் வேலை

பசியைவிடக் குளிரைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. அதுதான் மனச்சோர்வு. இனி என்ன இருக்கிறது என்று படுத்துவிட்டால், பிறகு எழுந்திருப்பது கஷ்டம்.

இது ஷாக்கிள்டனுக்கு நன்றாகத் தெரியும். தீவில் இறங்கிய சில நாட்களில் சமையற்காரர் களைத்து விழுந்துவிட்டார். அவருக்குப் பதிலாக யாரைப் போடுவது? படுத்து உயிரை விட்டுவிட்டால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவரைத் தேடிப் பிடித்தார் ஷாக்கிள்டன். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு என்றார்.

புயலில் அடுப்பைக் காப்பது லேசான வேலையா? அந்த ஆளுக்குச் சாவைப் பற்றி நினைக்க நேரம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஷாக்கிள்டன் எட்டிப் பார்த்தார். ராத்திரி எல்லோருக்கும் குடிக்கக் கொடுக்கப் பால் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஜோடி அழுக்குக் காலுறை தொங்கியது. அது சீக்கிரம் உலர வேண்டுமே என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார் அந்த ஆள்! சாகப் போகிறவனுக்குக் காலுறை எதற்கு? நாளைக்கு வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. அவர் பிழைத்துக்கொண்டார்.

இந்தப் பாடத்தை வைல்டு மறக்கவில்லை. அவர் பிரசங்கம் செய்யவில்லை. கவலைப்படாதே, தைரியமாக இரு என்று வாயால் சொல்வதில் என்ன பயன்? படுக்கையைச் சுருட்டச் செய்தார். சுருட்டிவிட்டால் மறுபடியும் போய்ப் படுக்க மனம் வராது. வாசலில் பனியை வாருவது, பெங்குவின் பிடிப்பது, கொழுப்பு வெட்டுவது, தேங்கிய தண்ணீரை இறைத்துக் கொட்டுவது என்று ஆளுக்கு ஒரு வேலை இருந்தது. வேலை செய்தவனுக்குப் பசித்தது. பசித்தவன் சாப்பிட்டான். சாப்பிட்டவன் தூங்கினான். அந்த நாள் ஒப்பேறியது.

சனிக்கிழமைக் கச்சேரி

கப்பலைக் கைவிட்டபோது, சொந்தச் சாமான் தலைக்கு இரண்டு பவுண்டு எடைக்கு மேல் கூடாது என்று ஷாக்கிள்டன் உத்தரவு போட்டிருந்தார். பணத்தையும் நகையையும்கூடப் பனியில் எறிந்துவிட்டார்கள். ஆனால் ஹஸ்ஸி என்பவரிடம் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் இருந்தது. அதன் எடை 12 பவுண்டு. அதை மட்டும் விடக்கூடாது, அது மனசுக்கு மருந்து என்று ஷாக்கிள்டன் கட்டாயப்படுத்திக் கொண்டுவரச் செய்தார்.

அந்த மருந்து தீவில் வேலை செய்தது. சனிக்கிழமை இரவில் படகுக் கூரையின் கீழ் கச்சேரி நடக்கும். தங்களையே கேலி செய்து பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். பிறகு, வீட்டில் காத்திருக்கும் பெண்களை நினைத்து, ஆளுக்கு ஒரு வாய் பானம் குடிப்பார்கள்.

படம் வரையும் மார்ஸ்டன் என்பவரிடம் ஒரு சின்னச் சமையல் புத்தகம் இருந்தது. ராத்திரியில் அதிலிருந்து ஒரு பலகாரத்தின் செய்முறையைப் படிப்பார்கள். மாவு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று பெரிய தர்க்கம் நடக்கும்! ஊருக்குப் போனதும் முதலில் என்ன சாப்பிடுவது என்பதே பேச்சு. சாப்பிடப் போகிறோமா என்பது பேச்சாக இல்லை.

கால் விரல்கள் போயின

அந்த 22 பேரில் வயதில் இளையவர் பிளாக்பரோ. கப்பலில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து வந்து, பிறகு வேலையில் சேர்ந்துகொண்ட வாலிபர். குளிரில் அவருடைய இடது கால் விரல்கள் செத்துக் கறுத்துவிட்டன. வெட்டி எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து.

கூட்டத்தில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஜூன் 15ந் தேதி ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரி, கவிழ்ந்த படகுக்கு அடியில். சமைக்கும் பாத்திரத்தில் ஆயுதங்களைக் கொதிக்கவைத்தார்கள். குளிரில் மயக்க மருந்து வேலை செய்யாது. ஆகவே அடுப்பை மூட்டி மூட்டி இடத்தை அனலாக்கினார்கள். வைல்டு பக்கத்திலேயே இருந்தார். ஐந்து விரல்களும் எடுக்கப்பட்டன. பிளாக்பரோ பிழைத்தார்.

மறுநாள் காலையிலும் வைல்டு படுக்கையைச் சுருட்டினார்.

சந்தேகம் தலைகாட்டியது

மே போயிற்று. ஜூன் போயிற்று. ஜூலையும் போயிற்று. ஆகஸ்டு பிறந்தது. கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனது. படகு கவிழ்ந்துவிட்டதோ? ஷாக்கிள்டன் இறந்துவிட்டாரோ? வெளியே சொல்லத் துணியாதவர்கள் டைரியில் எழுதினார்கள்.

ஒரு தகராறும் நடந்தது. அகப்பட்ட பெங்குவின்களை எல்லாம் கொன்று, நெடுநாளைக்கு இறைச்சி சேர்த்து வைக்க வேண்டும் என்றார் சாமான் கணக்குப் பார்த்தவர். வைல்டு ஒப்புக்கொள்ளவில்லை. நெடுநாளைக்குச் சேர்த்தால், தலைவர் சீக்கிரம் வரமாட்டார் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். மற்றவர்களின் மனம் உடைந்துவிடும் என்பது அவர் கணக்கு. இதில் ஆபத்து இருந்தது. சில வாரம் சாப்பாட்டுக்குத் திண்டாட்டமாகவும் போயிற்று. கணக்குப் பார்த்தவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அதற்காக வைல்டு கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர் என்று நினைக்கக்கூடாது. தாம் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஷாக்கிள்டன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்டோபர் தொடக்கம்வரை பார்ப்பது. அதன் பிறகும் கப்பல் வராவிட்டால், நாலு பேரை அழைத்துக்கொண்டு ஒரு படகில் தாமே புறப்படுவது என்று வைல்டு முடிவு செய்திருந்தார். கை அதற்கு வேண்டியதை யோசித்து வைத்தது. வாய் மட்டும் தினமும் காலையில், இன்று வந்தாலும் வருவார் என்றே சொன்னது.

மூன்று முறை தோல்வி

இங்கே இப்படி. அங்கே ஷாக்கிள்டன் என்ன ஆனார்?

16 நாள் கடலோடு போராடி, மே 10ந் தேதி அவர் தெற்கு ஜார்ஜியாவில் கரை ஏறினார். ஆனால் திமிங்கிலம் பிடிப்பவர்கள் இருப்பது தீவின் மறு பக்கத்தில். நடுவே பனி மலைகள். யாரும் அதுவரை கடக்காத மலைகள். இரண்டு பேரை அழைத்துக்கொண்டு 36 மணி நேரம் நடந்தார். மே 20ந் தேதி மறு கரையை அடைந்தார். அங்கே இருந்தவர்களுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை!

மூன்றாம் நாளே ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பனிக்கட்டி வழி மறித்தது. திரும்பினார்.

ஜூன் மாதம் உருகுவே நாட்டு அரசாங்கம் ஒரு கப்பல் கொடுத்தது. தீவின் அருகே வரை போய்விட்டார். அங்கும் பனிக்கட்டி! திரும்பினார்.

ஜூலை மாதம் ஒரு பாய்மரக் கப்பலில் போனார். அதுவும் திரும்பியது.

தீவில் இருந்தவர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர்கள் இன்று வருவார் என்று நம்பிய நாட்களில், அவர் உண்மையாகவே வந்துகொண்டுதான் இருந்தார்!

ஆகஸ்டு மாதம் சிலி நாட்டு அரசாங்கம் 'யெல்ச்சோ' என்ற சின்னக் கப்பலைக் கொடுத்தது. பனிக்கட்டியில் மோதினால் தாங்காத கப்பல். அதன் தலைவர் லூயிஸ் பார்தோ என்பவர். அவர் துணிந்து வந்தார். நாலாவது முறையாக ஷாக்கிள்டன் புறப்பட்டார்.

ஆகஸ்டு 30

1916 ஆகஸ்டு 30ந் தேதி. வழக்கம்போல் விடிந்தது. வழக்கம்போல் படுக்கையைச் சுருட்டினார்கள்.

மத்தியான நேரம். கூரைக்குக் கீழே எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஓவியர் மார்ஸ்டன் வெளியே இருந்தார். திடீரென்று ஓடி வந்தார். கப்பல் தெரிகிறது, தீ மூட்டிக் காட்டலாமா என்று கேட்டார்.

பதில் சொல்ல யார் இருந்தார்கள்? ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வெளியே பாய்ந்தார்கள். சாப்பாடு கொட்டியது. வாசல் போதாமல் துணிச் சுவரையே கிழித்துக்கொண்டு ஓடினார்கள். பிளாக்பரோவையும் தூக்கி வந்து, பார்க்கும்படி உட்கார வைத்தார்கள்.

கொடி ஏற்றப் பார்த்தார்கள். அது பனியில் விறைத்துவிட்டது. ஒருவர் தம் சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் ஏற்றினார். கயிறு சிக்கி, சட்டை பாதிக் கம்பத்திலேயே நின்றுவிட்டது. பாதிக் கம்பத்தில் கொடி என்றால் சாவுச் சேதி அல்லவா? கப்பலில் நின்ற ஷாக்கிள்டனுக்குத் திக்கென்றது. கரையில் தெரிந்த உருவங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

ஒன்று, இரண்டு, மூன்று... 22!

படகு கரையை நெருங்கியது. எல்லோரும் சுகமா என்று ஷாக்கிள்டன் கத்திக் கேட்டார். எல்லோரும் சுகம் என்று வைல்டு பதில் கொடுத்தார்.

இனிதான் கவனிக்க வேண்டிய விஷயம். பனிக்கட்டி எந்த நேரத்திலும் திரும்பி வந்து கப்பலைச் சூழ்ந்துகொள்ளும். ஒரு நிமிஷமும் வீணாக்கக்கூடாது. நாங்கள் இருந்த வீட்டை ஒரு முறை வந்து பாருங்கள் என்று வைல்டு கூப்பிட்டார். அதற்குக்கூட ஷாக்கிள்டன் கரையில் இறங்கவில்லை. அவ்வளவு அவசரம்!

ஒரு மணி நேரத்தில் 22 பேரும் கப்பலில் இருந்தார்கள். கப்பல் வடக்கு நோக்கித் திரும்பிவிட்டது. தேட வேண்டிய சாமான் இல்லை. கட்ட வேண்டிய மூட்டை இல்லை. எல்லாம் அன்று காலையிலேயே கட்டித் தயாராக இருந்தன!

ஷாக்கிள்டன் படகில் புறப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் அது 128ஆம் நாள். 127 நாள் வீணாகச் சுருட்டிய படுக்கை, 128ஆம் நாள் பயன்பட்டது. அல்ல, அந்த 127 நாளும் வீணும் அல்ல. சுருட்டிய படுக்கைதான் அவர்களை அத்தனை நாளும் எழுப்பி நடமாட வைத்தது.

பிறகு

எண்டூரன்ஸ் கப்பலில் போன 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். கண்டத்தின் மறு கரையில் உதவிக்குச் சென்றிருந்த வேறு குழுவில் மூவர் இறந்துபோனார்கள். திரும்பியவர்களில் பலர் நேரே உலகப் போருக்குப் போனார்கள். இரண்டு பேர் அதில் மாண்டார்கள்.

ஷாக்கிள்டன் 1922ஆம் ஆண்டு ஜனவரி 5ந் தேதி, இன்னொரு துருவப் பயணத்தில், தெற்கு ஜார்ஜியாத் தீவில் காலமானார். அப்போதும் வைல்டு உடன் இருந்தார். தலைவர் விட்ட இடத்திலிருந்து பயணத்தை அவரே நடத்தி முடித்தார்.

வைல்டின் பிற்கால வாழ்க்கை சுகமாக இல்லை. தென் ஆப்பிரிக்காவில் பருத்தி பயிரிட்டார். பலன் கிடைக்கவில்லை. கையில் இருந்ததும் போயிற்று. கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்தார். 1939ஆம் ஆண்டில் அங்கேயே இறந்தார். அவருடைய அஸ்தி எங்கே என்றுகூடப் பல காலம் வெளியில் தெரியாமல் இருந்தது. தேடிக் கண்டுபிடித்து, 2011ஆம் ஆண்டில் தெற்கு ஜார்ஜியாவுக்குக் கொண்டுபோனார்கள். ஷாக்கிள்டனின் சமாதிக்கு வலது பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். 72 வருஷம் கழித்துத் தலைவரிடம் போய்ச் சேர்ந்தார் வைல்டு!

எண்டூரன்ஸ் கப்பலும் அகப்பட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். பின்புறத்தில் எழுதிய பெயர் அப்படியே படிக்கும்படி இருந்தது. 22 பேர் காத்திருந்த அந்தச் சின்னக் கடற்கரை 'பாயின்ட் வைல்டு' என்று பெயர் பெற்றிருக்கிறது. அங்கே கப்பல் தலைவர் பார்தோவின் சிலை நிற்கிறது.

பாயைச் சுருட்டு!

நம் வீடுகளில், விடிந்த பிறகும் பாயைச் சுருட்டாமல் கிடக்கும் பிள்ளைக்குப் பாட்டியிடம் வசவு விழும். விரித்த பாய் வீட்டுக்கு ஆகாது என்பார் பாட்டி. அதில் இருக்கும் அர்த்தம் இதுதான்: நேற்று நேற்றோடு போயிற்று, அதைச் சுருட்டி மூலையில் வை, இன்றைக்கு எழுந்திரு.

வைல்டு செய்தது அவ்வளவுதான். நாளைக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது. நேற்றைய ஏமாற்றத்தை இன்றைய கணக்கில் அவர் எழுதவில்லை. இன்று வரக்கூடும் என்றார். வந்தால் புறப்படத் தயாராக இருந்தார். வராவிட்டால், அன்றைக்கு வேண்டிய இறைச்சியை வெட்டினார்.

பரீட்சையில் தவறிய பையன் இருக்கிறான். வேலைக்கு மனுப் போட்டுவிட்டுத் தபாலை எதிர்பார்க்கும் வாலிபர் இருக்கிறார். மழையை நோக்கி வானம் பார்க்கும் குடியானவர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய் இருக்கிறார். இவர்களுக்குக் கப்பல் எந்தத் தேதியில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது வரும்போது, பையன் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். குடியானவர் வரப்பைக் கட்டி வைத்திருக்க வேண்டும்.

பொழுது விடிந்தால் பாயைச் சுருட்டுங்கள். இன்று வந்தாலும் வரும்!